முப்பது வரை சொல்லும் குழந்தைக்கு ஐந்து ஏன் தெரியவில்லை?

கேள்வி இது: "மகளுக்கு மூன்றரை வயது. ஒன்றிலிருந்து முப்பது வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். ஆனால் 'அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா' என்றால் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஏதாவது குறை இருக்குமா? கணக்கும் அறிவியலும் இந்த வயதில் எப்படித்தான் மனதில் உருவாகின்றன? நாங்கள் என்ன செய்யலாம்?"

முதலில் பதற்றம் போகட்டும். குறை எதுவும் இல்லை. மூன்றரை வயதில் பெரும்பாலான குழந்தைகள் நிற்கும் இடத்தில்தான் உங்கள் மகளும் நிற்கிறாள். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். நான் அதிகம் கேட்ட கேள்வியும் இதுதான், எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

இன்றைக்கு ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் பத்துப் பதினைந்து புளியங்கொட்டையைப் போட்டு அவள் முன்னால் வையுங்கள். (வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கொட்டை வேண்டாம், வாய்க்குள் போகாத பெரிய மூடிகளாக வையுங்கள்.) "எனக்கு ஒண்ணு குடு" என்று கேளுங்கள். கொடுப்பாள். திருப்பிப் போட்டுவிட்டு "ரெண்டு குடு" என்று கேளுங்கள். அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து. ஏதோ ஒரு எண் வரை சரியாகக் கொடுப்பாள். அதைத் தாண்டியதும் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒரு கை அள்ளிக் கொடுப்பாள். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவளுடைய கணக்கு இன்று நிற்கும் இடம் அதுதான். முப்பது வரை ஒப்பிப்பது அந்த இடத்தைக் காட்டாது.

இந்தச் சோதனையை 1990களின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கேரன் வின். அவர் கண்டதை அதற்குப் பின் பல நாடுகளில், பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை முதலில் "ஒன்று" என்ற சொல்லின் பொருளை மட்டும் பிடிக்கிறது. அப்போது இரண்டு, ஐந்து, எட்டு எல்லாமே அதற்கு "நிறைய" என்பதுதான். சில மாதம் கழித்து "இரண்டு" பிடிபடுகிறது. இன்னும் சில மாதம் கழித்து "மூன்று". சிலருக்கு நான்கும் இப்படித் தனியாக வரும். அதன் பிறகு ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. ஐந்தைத் தனியாக, ஆறைத் தனியாக என்று அது கற்றுக்கொண்டே போவதில்லை. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் எத்தனை என்பதைச் சொல்கிறது என்ற விஷயம் பிடிபட்டு, தனக்கு எண்ணத் தெரிந்த எல்லா எண்களுக்கும் ஒரேயடியாகப் பொருள் கிடைத்துவிடுகிறது. "ஒன்று" பிடிபட்ட நாளிலிருந்து இங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பொதுவாக இது மூன்றரையிலிருந்து நாலரை வயதுக்குள் நடக்கும், சிலருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

இந்த மாற்றத்துக்கு முன்னால் நிற்கும் குழந்தையிடம் இன்னொன்றும் பார்க்கலாம். ஐந்து கொட்டையை வரிசையாக வைத்து "எண்ணு" என்றால் விரலை வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று அழகாக எண்ணும். உடனே "அப்போ எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணும். நாம் பொறுமை இழந்து "இப்பதானே எண்ணினே!" என்போம். குழந்தையைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. "எத்தனை" என்று கேட்டால் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றுதான் அது புரிந்து வைத்திருக்கிறது. எண்களின் வரிசை அதற்கு இன்னும் நிலா நிலா ஓடி வா மாதிரி ஒரு பாட்டுதான்.

அப்படியென்றால் குழந்தை ஒன்றும் தெரியாமல் பிறந்து எல்லாவற்றையும் நம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறதா? அதுவும் இல்லை. அதே கேரன் வின் 1992ல் ஐந்து மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். சின்ன மேடையில் ஒரு பொம்மை. அதைத் திரையால் மறைத்துவிட்டு, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். திரையை இறக்கினால் இரண்டு பொம்மை இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று இருந்தால் குழந்தைகள் அதிக நேரம் வெறித்துப் பார்த்தார்கள். அடுத்து, 2000ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகளால் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்த முடிந்தது. 8க்கும் 12க்கும் முடியவில்லை. ஆக, பிறவியிலேயே இரண்டு விதமான உணர்வு இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற சின்ன எண்ணிக்கையைத் துல்லியமாகப் பிடிப்பது ஒன்று. பெரிய குவியல்களைத் தோராயமாக ஒப்பிடுவது இன்னொன்று. ஏழு என்றால் ஆறும் இல்லை, எட்டும் இல்லை என்ற துல்லியம் இந்த இரண்டிலுமே கிடையாது. அதைக் கொண்டுவருவது மொழி. எண்ணுப்பெயர்களும் விரல்களும் எண்ணும் பழக்கமும் சேர்ந்துதான் அந்தப் பாலத்தைக் கட்டுகின்றன.

இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, முப்பத்தைந்து என்று நம் சொற்களிலேயே பத்தும் ஒன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பதுக்கு அங்கே உள்ள சொல்லுக்கு "முப்பதுக்கு ஒன்று குறைவு" என்று பொருள். தமிழ்க் குழந்தை இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப் பத்து" என்று சொல்லும். பெற்றோர் சிரிப்பார்கள், திருத்துவார்கள். எனக்கு அதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு எண்ணை விதியிலிருந்து அந்தக் குழந்தையே உருவாக்கியிருக்கிறது. ஒப்பிப்பதைத் தாண்டி எண்களின் அமைப்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். தொண்ணூறில் கொஞ்சம் தடுக்கும், பெயரிலேயே நூறு இருப்பதால். அதை மட்டும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பள்ளியில் ஒன், டூ, த்ரீ, வீட்டில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று இருந்தால் குழம்புமா என்றும் பலர் கேட்பார்கள். குழம்பாது. இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, சின்ன எண்ணுப்பெயர்களை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருந்தாலும், "கடைசிச் சொல்தான் மொத்தம்" என்ற பெரிய புரிதல் ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்றதிலும் பெரும்பாலும் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வீட்டில் எந்த மொழி இயல்பாக வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

சரி, என்ன பேசுவது? சிகாகோவில் ஸூசன் லெவின் குழுவினர் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், 14 மாதத்திலிருந்து 30 மாதம் வரை அன்றாடப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பெற்றோர் பேச்சில் எண்கள் அதிகம் வந்த வீட்டுக் குழந்தைகள், நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் பொருளை நன்றாகப் பிடித்திருந்தார்கள். அதிலும் கண் முன்னால் இருக்கும் பொருள்களைப் பற்றிய எண் பேச்சுதான் அதிகம் உதவியது. வெறுமனே வரிசையைச் சொல்ல வைத்தது அவ்வளவு உதவவில்லை. மூன்றுக்குள்ளேயே சுற்றாமல் நான்கு, ஐந்து, ஆறு என்று பத்து வரை உள்ள எண்ணிக்கைகளைப் பேசியது கூடுதல் பலன் தந்தது.

அதனால் பேச்சின் வடிவம் முக்கியம். தட்டில் மூன்று இட்லி இருந்தால் "பாரு, மூணு இட்லி" என்று மொத்தத்தை முதலில் சொல்லுங்கள். உடனே தொட்டுத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுங்கள். மொத்தமும் எண்ணுவதும் ஒரே மூச்சில் வரும்போது கடைசிச் சொல்லுக்கும் மொத்தத்துக்கும் உள்ள உறவு குழந்தைக்குத் தெரிகிறது. நம் வீடுகளில் "எண்ணிக் காட்டு, எண்ணிக் காட்டு" என்று கேட்பதோடு நிறுத்திவிடுகிறோம், மொத்தத்தைச் சொல்வதே இல்லை. சாப்பிட உட்காரும்போது ஆளுக்கு ஒரு டம்ளர் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது அங்கே தானாக வருகிறது. "தாத்தாவுக்கு டம்ளர் இல்லையே, இன்னும் எத்தனை வேணும்?" என்பது நிஜமான கணக்கு, நிஜமான தேவைக்காக. விரல் விட்டு எண்ணினால் தடுக்காதீர்கள். ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் விரல்தான் நல்ல துணை. விரலை மறைத்து வைத்து எண்ணும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். யாரோ அதட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டில் பரமபதம். ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008ல், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண் எழுதிய ஒரு பலகையை வைத்து, அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் நாலைந்து வயதுக் குழந்தைகளோடு விளையாடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்தான். எந்த எண் பெரியது, எண்கோட்டில் எது எங்கே வரும் என்பதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் பூசிய பலகையில் விளையாடியவர்களுக்கு அது இல்லை. பின்னாளில் 100 வரை உள்ள பலகையில் செய்தபோது ஒரு நுட்பம் தெரிந்தது. காய் 24ல் இருக்கிறது, பகடையில் மூன்று விழுகிறது என்றால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்தக் கூடாது. "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பலன் அதில்தான் கிடைத்தது. பல்லாங்குழி வேறு வகையில் உதவும். குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டு போகும்போது, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கு கையில் படிகிறது.

விளையாட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் டெல்லியில் 1,540 பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2017ல் வெளியானது. புள்ளிக் கூட்டங்களையும் வடிவங்களையும் ஒப்பிடும் விளையாட்டுகளைச் சில மாதம் ஆடவிட்டார்கள். அந்தத் தோராய உணர்வு கூர்மையானது, ஒரு வருடத்துக்கு மேலும் நீடித்தது. ஆனால் முதல் வகுப்பில் எழுத்து எண்களோடு கணக்குச் செய்யும்போது அது கைகொடுக்கவில்லை. பொருளையும் சொல்லையும் எழுதிய எண்ணையும் யாராவது பக்கத்தில் இருந்து இணைத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. நாலு கொட்டை, "நாலு" என்ற சொல், 4 என்ற எழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணிலும் காதிலும் பட வேண்டும்.

அளவு பற்றிய ஒரு விஷயம். டம்ளரில் இருக்கும் பாலை அவள் பார்க்கும்போதே டவராவில் ஊற்றுங்கள். "இப்போ பால் அதிகமா, குறைச்சலா, அதேதானா?" என்று கேளுங்கள். "குறைஞ்சுடுச்சு" என்பாள், மட்டம் கீழே போய்விட்டதே. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதையும், சம எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வைத்த பொருள்களில் ஒரு வரிசையை மட்டும் பரப்பி வைத்தால் "அதிகமாயிடுச்சு" என்று குழந்தைகள் சொல்வதையும் வைத்து, ஆறேழு வயது வரை அளவு மாறாமல் இருப்பது புரியாது என்று சொன்னார். 1970களில் ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மகாரிகிளும் அந்த வரிசைச் சோதனையை ஒரு சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். பெரியவருக்குப் பதில் ஒரு குறும்புக் கரடிபொம்மை வந்து ஒரு வரிசையைக் கலைத்துவிட்டுப் போனது. "அய்யோ, கரடி கலைச்சிடுச்சே, இப்போ ரெண்டும் ஒரே அளவா?" என்று கேட்டபோது சரியாகச் சொன்ன குழந்தைகள் பல மடங்கு கூடினார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவைத்து அதே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால், பதிலை மாற்றச் சொல்கிறார்கள் போல என்று குழந்தை நினைத்துவிடுகிறது. ஒரு குழந்தையிடம் "சரியா சொல்லு, யோசிச்சு சொல்லு" என்று திரும்பக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னதைக்கூட மாற்றிக்கொள்ளும்.

இனி அறிவியல். இந்த வயதில் அறிவியல் தொடங்க வேண்டுமா என்றால், அது எப்போதோ தொடங்கிவிட்டது. 2015ல் பதினொரு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு ஒரு பொம்மைக் கார் அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டினார்கள். அப்புறம் அந்தப் பொருளைக் கையில் கொடுத்தார்கள். பந்தைப் பெற்ற குழந்தைகள் அதை மேஜையில் தட்டிப் பார்த்தார்கள். காரைப் பெற்றவர்கள் கீழே போட்டுப் பார்த்தார்கள். திடப்பொருளா என்று ஒருவர் சோதிக்கிறார், விழுமா என்று இன்னொருவர் சோதிக்கிறார். பேச்சே வராத வயதில்! உங்கள் வீட்டில் சோற்றுத் தட்டிலிருந்து கரண்டியைப் பத்து முறை கீழே போட்ட குழந்தையை இப்போது வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

குழந்தையின் தவறான பதிலுக்குள்ளும் ஒரு விதி இருக்கும். வளைந்த குழாயில் பந்தைப் போட்டால், இரண்டு மூன்று வயதுக் குழந்தை குழாய் போகும் வழியைப் பின்தொடராமல் போட்ட இடத்துக்கு நேர் கீழே போய்த் தேடும் என்று புரூஸ் ஹூட் 1995ல் காட்டினார். "எல்லாம் நேராகக் கீழே விழும்" என்ற விதியை அது அவ்வளவு உறுதியாகக் கற்றிருக்கிறது. நாம் பேருந்தில் போகும்போது நிலா கூடவே வருகிறது, ஆகவே அதற்கு உயிர் இருக்கிறது. செடி நகராது, ஆகவே உயிர் இல்லை. பூமி உருண்டை என்று சொல்லிக் கொடுத்தால், தட்டையாகக் கண்ணில் தெரியும் தரையையும் விடமுடியாமல், உருண்டைக்கு உள்ளே தட்டையான தரை இருப்பதாகப் படம் வரைந்த குழந்தைகள் அமெரிக்காவில் உண்டு. ஹைதராபாத் குழந்தைகளில் பலர் பூமி தண்ணீரில் மிதப்பதாகச் சொன்னார்கள், கேட்ட புராணக் கதையையும் பாடத்தையும் சேர்த்துத் தைத்து. இப்படி ஒரு பதில் வரும்போது "தப்பு" என்று வெட்டாமல் "எப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்களுக்கு வேண்டியது, அதிலிருந்துதான் அடுத்து எதைக் காட்டலாம் என்பது தெரியும்.

காட்டுவதிலும் ஒரு அளவு இருக்கிறது. 2011ல் எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷூல்ஸ் முதலானோர் நான்கு இரகசியங்கள் உள்ள ஒரு பொம்மையைப் பாலர் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். சில குழந்தைகளிடம் ஆசிரியை மாதிரிப் பேசி, "இது எப்படி வேலை செய்யுதுன்னு பாரு" என்று ஒரு இரகசியத்தை மட்டும் செய்துகாட்டினார்கள். அந்தக் குழந்தைகள் அதையே திரும்பச் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத குழந்தைகள் அதிக நேரம் குடைந்து, மற்றவற்றையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். புது பொம்மை வாங்கியதும் பெட்டியைப் பிரித்து எல்லாப் பொத்தானையும் நாமே அழுத்திக் காட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

வீட்டில் செய்ய எனக்குப் பிடித்தவை சில. ஒரு வாளித் தண்ணீரில் பரங்கிக்காயைப் போட்டால் மூழ்குமா, மிதக்குமா? ஒரு ரூபாய் நாணயம்? போடுவதற்கு முன்னால் அவள் சொல்ல வேண்டும், காரணத்தோடு. பெரிய பரங்கிக்காய் மிதந்து சின்ன நாணயம் மூழ்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். இட்லி மாவு இதைவிட நல்லது, ஏனென்றால் ஒரு இரவு காத்திருக்க வேண்டும். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, அவளே எண்ணிப் போடட்டும். அரைத்த மாவை ஊற்றியதும் பாத்திரத்தின் வெளியே மட்டத்துக்கு ஒரு கோடு போடட்டும். காலையில் எங்கே வந்திருக்கிறது? மார்கழியில் ஏன் மெதுவாகப் பொங்குகிறது, சித்திரையில் ஏன் வழிகிறது? பதிலை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு கோட்டையும் ஒப்பிடட்டும். உயிருள்ள ஒன்றை வளர்க்க முடிந்தால் அதற்கு ஈடில்லை. ஜப்பானில் கயோகோ இனகாகி, வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுக் குழந்தைகளை வளர்க்காதவர்களோடு ஒப்பிட்டார். மீனைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரிந்ததில் வியப்பில்லை. வளர்த்தே பார்க்காத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், மீனை வைத்து யோசித்து நியாயமான பதில் சொன்னார்கள். வெந்தயம் முளைக்க வைத்தாலும் போதும், தினமும் தண்ணீர் விடுவது அவள் பொறுப்பாக இருந்தால்.

எப்போது கவலைப்படலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதில் கணக்குக் குறைபாடு என்று யார் பெயர் சூட்டினாலும் ஏற்காதீர்கள், அதற்கான வயது இது இல்லை. ஐந்து வயதைத் தாண்டியும், வீட்டில் இப்படியெல்லாம் பேசி விளையாடிய பிறகும் இரண்டு மூன்று பொருளைக்கூட எடுத்துத் தரத் தடுமாறினால், அல்லது பேச்சும் சேர்ந்தே தாமதமாக இருந்தால், முதலில் காது கேட்பதைப் பரிசோதித்துவிட்டு ஒரு குழந்தை வளர்ச்சி மருத்துவரைப் பாருங்கள்.

இன்றைக்கு அந்தக் கிண்ணத்தோடு உட்காரும்போது அவள் மூன்று வரை சரியாகக் கொடுத்து நான்கில் அள்ளினால், ஐந்தை விட்டுவிட்டு நான்கோடு இருங்கள். அவள் அள்ளிக் கொடுத்ததில் ஆறு இருந்தால் "தப்பு" என்று சொல்லாமல் "இங்க ஆறு இருக்கு. நாலு இப்படி இருக்கும்" என்று பக்கத்தில் நான்கை வைத்துக் காட்டுங்கள். கொட்டையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள்.